கொத்தனார் அடுக்கிய டிரைஃபிள்

இந்த வருஷம் பிளாக்பூலுக்குப் போவதில்லை என்று பெர்சி குரோஷா முடிவெடுத்தபோது அவருக்குப் பாதி சவரம்தான் ஆகியிருந்தது. முடிவெடுத்த வேகத்தில் மீதிப் பாதியையும் ஒரே இழுப்பில் வழித்தார். கன்னத்தில் கீறல் விழுந்தது. விழட்டும், ரத்தம் சிந்தாமல் யாருக்கு விடுதலை கிடைத்திருக்கிறது என்று கண்ணாடியைக் கேட்டார். கண்ணாடி ஆட்சேபிக்கவில்லை.

கண்ணாடியிடம் சொல்வது சுலபம். ஐவியிடம் சொல்ல வேண்டுமே. ஐவி அவருடைய மனைவி. உயரத்தில் அவர் தோளுக்கு வருவாள். கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்த வேண்டிய அவசியம் வந்ததில்லை.

ஆகஸ்டு முதல் வாரம் பெர்சியின் ஊரில் பருத்தி ஆலைகள் எல்லாம் மூடிவிடும். புகைபோக்கிகள் ஓய்ந்துபோகும். ஊரே பெட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்விடும். பெர்சி ஆலைத் தொழிலாளி அல்ல, நாற்பது வருஷம் கொத்தனாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் ஊரோடு ஒத்து அவரும் போய்க்கொண்டுதான் இருந்தார். கடலோடு அவருக்கு எந்தத் தகராறும் இல்லை. தகராறெல்லாம் சகலையோடுதான்.

ஐவியின் தங்கை மேபல். மேபலின் கணவர் கிளாரன்ஸ். வருஷா வருஷம் நாலு பேரும் ஒரே விடுதியில், ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். கிளாரன்ஸுக்கு எப்போதோ பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்தது. எடுத்த கற்கள் மூன்று. மூன்றையும் மாத்திரைக் குப்பியில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். காலையில் வறுத்த பன்றிக்கறியும் முட்டையும் வந்து இறங்கும் நேரம் பார்த்துக் குப்பியைத் திறந்து மேஜைவிரிப்பில் கொட்டுவார். மூன்றில் எது அதிகமாக வலித்திருக்கும், சொல்லுங்கள் பார்க்கலாம் என்பார். சொன்னாலும் விடமாட்டார், சொல்லாவிட்டாலும் விடமாட்டார். போன வருஷம் ஏழு நாளில் ஆறு நாள் மழை. கடற்கரை நிழற்குடையில் ஒதுங்கி, ஆறு நாளும் பெர்சி அந்த அறுவை சிகிச்சையைத் தனக்கே நடந்ததுபோல அனுபவித்தார்.

அவர் ஆசைப்பட்டதெல்லாம் கொஞ்சம்தான். ஊர் காலியானதும் கால்வாய்க் கரையில் ஒரு இடம், ஒரு தூண்டில், ஒரு குடுவை தேநீர். ஏழு நாள் மனிதக் குரலே காதில் விழக்கூடாது. மீன் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. மீனுக்கு வாய் உண்டு, பேசாது. அந்த ஒரு குணம் போதும் அவருக்கு.

மூன்று நாள் வாயைத் திறக்கப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஐவி நிமிர்ந்து பார்த்ததும் உப்பு வேண்டும் என்றார். மூன்று நாளில் வீட்டிலிருந்த உப்பில் பாதி தீர்ந்தது.

நாலாம் நாள் வாய்ப்பு தானாகவே வந்தது. ஐவி பாத்திரம் கழுவிக்கொண்டே புலம்ப ஆரம்பித்தாள். இப்படிப் புலம்புவது அவள் வழக்கமே இல்லை. அடுத்த ஞாயிறு அவர்களுடைய மெதடிஸ்ட் கோயிலில் ஆண்டு விழாத் தேநீர் விருந்து. அவள் தலையில் நாலு வேலை விழுந்திருக்கிறது. எல்லாவற்றையும் சமாளிக்கலாம், டிரைஃபிள் ஒன்று மட்டும் அரை நாளை விழுங்கிவிடுகிறது என்றாள்.

டிரைஃபிள் இல்லாத விருந்து அந்த ஊரில் விருந்தே அல்ல. கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் கேக், அதன்மேல் பழமும் ஜெல்லியும், அதற்கும் மேல் கஸ்டர்ட், உச்சியில் கிரீம். ஐவி செய்வது சாக்லெட் டிரைஃபிள். கேக்கும் சாக்லெட், கஸ்டர்டும் சாக்லெட், கிரீமின் தலையில் சாக்லெட் சீவலும் தூவியிருக்கும். கோயில் கூடத்து நீள மேஜையில் இப்படிப் பதினைந்து கிண்ணங்கள் உட்கார்ந்திருக்கும். எது யாருடையது என்று தெரிய அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள். விருந்து முடிந்ததும் கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெயரைப் படித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். காலியான கிண்ணத்தைத்தான் கவிழ்க்க முடியும். கவிழ்க்க முடியாத கிண்ணம் யாருடையது என்று ஊரே விசாரிக்கும். ஒரு வருஷம் ஒரு அம்மாளின் கிண்ணத்தில் இரண்டே கரண்டி குறைந்திருந்தது. அந்தக் குடும்பம் இப்போது வேறு கோயிலுக்குப் போகிறது.

பெர்சி நாளிதழை மடித்து வைத்தார்.

"அரை நாளா? அடுக்குறதுக்கா? கீழ ஒண்ணு, மேல ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணு. இதையேதான் நான் நாப்பது வருஷமா பண்ணேன், அதுவும் சாரத்து மேல நின்னுக்கிட்டு."

"அப்ப இந்தத் தடவை நீங்களே பண்ணுங்களேன்."

"பண்றேன். பண்ணி, கிண்ணம் காலியா வந்தா?"

"வந்தா என்ன வேணும், கேளுங்க."

இப்போது உப்பு கேட்கக்கூடாது என்று பெர்சி தன்னைத்தானே எச்சரித்துக்கொண்டார். "பிளாக்பூலுக்கு நான் வரமாட்டேன். வீட்லயே இருந்து மீன் பிடிப்பேன்."

ஐவி கையிலிருந்த தட்டைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த தட்டுதான். இன்னொரு தரம் துடைத்தாள்.

"கிண்ணம் காலியா வரலைன்னா?"

"வரலைன்னா வாயத் திறக்காம உன்கூட பஸ் ஏறுறேன்."

"சரி," என்று ஐவி தட்டை அலமாரியில் வைத்தாள். இவ்வளவு சீக்கிரம் ஐவி சரி என்று சொன்னால் யோசிக்க வேண்டும் என்பது முப்பத்தெட்டு வருஷ அனுபவம். பெர்சி அன்றைக்கு யோசிக்கவில்லை. அவர் மனத்தில் கால்வாய் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய் ஒரு முழு அன்னாசிப்பழம் வாங்கினார். அந்தத் தெருவில் அன்னாசி என்றால் டின்னுக்குள் வட்ட வட்டமாக இருப்பது. கொண்டையோடு இருக்கும் அன்னாசியைப் பாதிப்பேர் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். பெர்சி அதைப் பையில் போடவில்லை. ஜெயித்த கோப்பை மாதிரி மார்போடு அணைத்து, குறுக்குச் சந்தை விட்டுவிட்டு, வேண்டுமென்றே பெரிய தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு வந்தார்.

ஐவி அன்னாசியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இதைப் பச்சையாகவா ஜெல்லியில் போடப் போகிறீர்கள் என்று கேட்டாள். டின் பழம் போடுவது சோம்பேறிகள் வேலை, நல்ல கட்டடத்துக்கு நல்ல சாமான் வேண்டும், நாற்பது வருஷம் கலவை குழைத்தவனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம் என்றார் பெர்சி. ஐவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

சனிக்கிழமை சமையலறை பெர்சியின் வேலைத்தளமாயிற்று. பூச்சு பூசும் சின்னக் கரணை ஒன்றைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். சுவர் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைத் துடைத்து வைத்தார். சாக்லெட் கேக்கை அளவாக வெட்டி, செங்கல் அடுக்குவதுபோல ஒரு வரியின் இணைப்பு அடுத்த வரியின் நடுவில் வரும்படி அடுக்கினார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. இந்த நேரம் ஐவி உள்ளே வந்து பார்த்தால் தேவலை என்றிருந்தது. அவள் வரவில்லை.

ஜெல்லியைக் கரைத்து, அன்னாசித் துண்டுகளைப் போட்டு, ஆறவைத்துக் கேக்கின் மேல் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தார். இரண்டு மணி நேரத்தில் உறையும் என்று அட்டையில் போட்டிருந்தது. இரண்டு மணி நேரம் கழித்துக் கிண்ணத்தை ஆட்டினார். ஜெல்லி தளும்பியது. நாலு மணி நேரம் கழித்து ஆட்டினார். அப்போதும் தளும்பியது. கலவையில் பிடிமானம் குறைவு என்று தீர்மானித்து இன்னொரு ஜெல்லியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றினார். பிறகு மூன்றாவதும் போயிற்று. மூன்று ஜெல்லிக்கு அது ஒரு சுவராகவே நின்றிருக்க வேண்டும். சாயங்காலம் மேலாக விரல் வைத்துப் பார்த்தபோது கொஞ்சம் இறுகியதுபோல இருந்தது. ஆசை விரலுக்கும் உண்டு போலிருக்கிறது. எந்தப் பூச்சும் ஒரு ராத்திரி விட்டால் இறுகிவிடும் என்று நம்பி, கஸ்டர்டை ஊற்றி, கிரீமையும் கரணையால் தடவி, குளிர்பெட்டியைச் சாத்தினார்.

ஞாயிறு காலை முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி ஆராதனைக்குப் போகாமல் நின்றுவிட்டார். ஐவி தெருமுனை திரும்பியதும் குளிர்பெட்டியைத் திறந்தார்.

கிண்ணத்துக்குள் ஒரு குட்டை இருந்தது. கஸ்டர்ட் ஜெல்லிக்குள் இறங்கி, ஜெல்லி கேக்குக்குள் இறங்கி, கேக் கரைந்து, எல்லாம் சேர்ந்து மழைக்காலத்து அஸ்திவாரக் குழி நிறத்தில் கிடந்தது. கிரீம் ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தது. அன்னாசித் துண்டுகள் மட்டும் மேலே மிதந்தன. அந்த நிலையிலும் பெர்சி ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில்தான் நின்றது. குட்டைக்கு வேறு எப்படி நிற்கும்?

மணி பத்தரை. விருந்து மூன்று மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு கடை திறந்திருக்காது. பிளாக்பூல் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கோயில் கூடத்தின் பின்சுவரைக் கட்டியதே அவர்தான். அந்தச் சுவருக்கு முன்னால், குரோஷா என்று பெயர் ஒட்டிய குட்டையை வைத்துவிட்டு எப்படி நிற்பது? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

பக்கத்து வீட்டு ஆக்னஸ் கணவனை இழந்தவள். கத்தோலிக்க மாதா கோயிலுக்குப் போகிறவள். காலைப் பூசை முடிந்து அப்போதுதான் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பெர்சி விஷயத்தைச் சொன்னார். ஆக்னஸ் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாட்டை அவர் கவனிக்கும் நிலையில் இல்லை.

"நல்ல நேரத்துல வந்தீங்க பெர்சி. என் தங்கச்சி மகன் வர்றான்னு ஒரு சாக்லெட் டிரைஃபிள் பண்ணி வெச்சேன். அவன் வரலைன்னு போன் வந்துடுச்சு."

குளிர்பெட்டியைத் திறந்து காட்டினாள். பெர்சி குனிந்து பார்த்தார். அடுக்கென்றால் அது அடுக்கு. கண்ணாடி வழியாக ஒவ்வொரு வரியும் நூல் பிடித்ததுபோல நின்றது.

"குடு ஆக்னஸ். என்ன வேணும்னாலும் பண்றேன்."

"என்னோட கரி போடுற கொட்டகைச் சுவர் ரெண்டு வருஷமா சாஞ்சு நிக்குது."

"இடிச்சுட்டுப் புதுசாவே கட்டித் தர்றேன்."

"ஐவிகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், அப்படித்தானே?"

"மூச்சு விடாதே."

வீட்டுக்கு வந்து தன் கிண்ணத்துக் குட்டையைச் சாக்கடைக்கு அனுப்பினார். கிண்ணத்தின் அடியிலிருந்த பிளாஸ்திரியை உரித்துப் புதுக் கிண்ணத்துக்கு ஒட்டினார். ஆராதனை முடிந்து வந்த ஐவி எட்டிப் பார்த்து, அழகாக வந்திருக்கிறதே என்றாள். கை வந்த தொழில் கைவிடுமா என்றார் பெர்சி.

மூன்று மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. பெர்சியின் டிரைஃபிள் என்றதும் பெண்கள் முதலில் சந்தேகப்பட்டு ஒரு கரண்டி எடுத்தார்கள். பிறகு சந்தேகப்படாமல் மூன்று கரண்டி எடுத்தார்கள். போதகர் இரண்டாம் தடவை தட்டை நீட்டினார். ஆண்கள் பெர்சியின் முதுகில் தட்டினார்கள். ஒருவர் தன் மனைவியைக் கூப்பிட்டு, ஒரு கொத்தனாருக்கு வருவது உனக்கு ஏன் வரவில்லை என்று கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டார். கால்வாய்த் தண்ணீர் பெர்சியின் காதிலேயே சலசலத்தது.

அப்போதுதான் மாதர் சங்கத் தலைவி திருமதி ஹோல்ட் எழுந்தார். முப்பது வருஷமாக அந்தக் கோயிலின் மதுவிலக்குக் கமிட்டி அவர் கையில்தான் இருக்கிறது. கரண்டியை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். திறந்தார்.

"மிஸ்டர் குரோஷா, கேக் இவ்வளவு ஈரமா, வாசனையா இருக்கே. இதுல என்ன ஊத்தினீங்க?"

பெர்சியின் முதுகுத் தண்டில் ஒரு செங்கல் நழுவியது. ஆக்னஸ். கத்தோலிக்க ஆக்னஸ். கிறிஸ்துமஸுக்கு அவள் கொண்டுவந்து கொடுக்கும் டிரைஃபிளில் ஷெர்ரி ஒயின் எவ்வளவு போகும் என்பது தெருவுக்கே தெரியும். ஒரு வருஷம் அதை ஒரு கிண்ணம் தின்றுவிட்டுப் பெர்சி தபால்காரருக்கு முத்தம் கொடுத்திருக்கிறார். மதுவென்றால் முகம் சுளிக்கும் மெதடிஸ்ட் கூடத்துக்குள், போதகரின் தட்டுக்குள், அதையா கொண்டுவந்து வைத்துவிட்டேன்? வாங்கிய அவசரத்தில் ருசி பார்க்கவில்லையே. போதகரின் கன்னம் வேறு சிவந்திருந்தது. அது எப்போதுமே சிவந்த கன்னம்தானா, இப்போது சிவந்ததா என்று பெர்சியால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

ஒவ்வொரு கரண்டியாக நின்றது. அறுபது பேர் அவர் வாயையே பார்த்தார்கள். பின்சுவரைப் பார்த்தார். தான் கட்டியதுதான், இப்போதே இடிந்து தன்மேல் விழட்டும் என்று வேண்டிக்கொண்டார். நல்ல வேலைப்பாடு. அது அசையவில்லை.

"ஆரஞ்சுச் சாறு," என்று ஒரு குரல் வந்தது.

ஐவி. பெரிய தேநீர்க் கெண்டியோடு மேஜை மேஜையாக ஊற்றிக்கொண்டு வந்தவள், நிற்கக்கூட இல்லை.

"மூணு ஆரஞ்சுப் பழம். தோலையும் கொஞ்சம் சீவிப் போட்டிருக்கு, அதான் வாசனை. பழம் எல்லாம் டின் மாண்டரின், டின் செர்ரி. கஸ்டர்ட்ல கோக்கோ ரெண்டு கரண்டி. அவர் கூச்சப்படுறார், திருமதி ஹோல்ட். இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா?"

திருமதி ஹோல்ட் முகம் மலர்ந்தது. ஆரஞ்சா, அதுதானே பார்த்தேன் என்றார். கரண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கின. பெர்சி பக்கத்து நாற்காலியைக் கையால் துழாவிப் பிடித்து உட்கார்ந்தார். வாழ்க்கையில் அவர் எத்தனையோ சுவர் இடிந்து தப்பியிருக்கிறார். இப்படி ஒரு நிம்மதியை அறிந்ததில்லை. ஐந்து நிமிஷத்தில் கிண்ணம் காலியானது. கவிழ்த்தார்கள், பெயரைப் படித்தார்கள், கைதட்டினார்கள்.

கைதட்டலுக்கு நடுவில்தான் அவருக்கு உறைத்தது. மூன்று ஆரஞ்சு என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு நடந்தார்கள். காலிக் கிண்ணம் பெர்சியின் கையில் இருந்தது. இரண்டு தெரு வரைக்கும் பொறுத்தார்.

"அதைப் பண்ணது நீதானே?"

"வெள்ளிக்கிழமை அன்னாசியைப் பார்த்ததுமே கடைக்குப் போயிட்டேன். ஆக்னஸ் வீட்டு அடுப்பில கஸ்டர்ட் காய்ச்சி, அங்கயே வெச்சுட்டு வந்தேன்."

"அன்னாசிக்கு என்ன?"

"பச்சை அன்னாசி போட்டா ஜெல்லி உறையாது, பெர்சி. டின்ல இருக்கறது வெந்தது, அது உறையும். இது எந்தப் பொம்பளைக்கும் தெரியும். சொல்ல வந்தேன். பாடம் நடத்த வேண்டாம்னுட்டீங்க."

பெர்சி காலிக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். மனசு என்னவோ செய்தது. பேசாமல் விட்டிருந்தால் இவள் ஜெயித்திருப்பாள். ஊர் முன்னால் தான் தலைகுனிந்து, பெட்டி தூக்கிக்கொண்டு இவள் பின்னால் பஸ் ஏறியிருக்க வேண்டியதுதான். அதை விட்டுவிட்டு, ஊருக்குத் தெரியாமல் வேறொருத்தி அடுப்பில் வெந்து, புருஷனின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். இப்படி ஒருத்தியை விட்டுவிட்டுக் கால்வாய்க் கரையில் ஏழு நாள் உட்கார ஆசைப்பட்டோமே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. கண்கூடக் கலங்கியது. நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"ஐவி, தோத்தது நான்தான். எனக்கு மீனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நானும் உன்கூட பிளாக்பூல் வர்றேன்."

ஐவி சட்டென்று நின்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு பதற்றத்தைப் பார்த்தார்.

"அதெல்லாம் வேண்டாம். கிண்ணம் காலி. பந்தயம்னா பந்தயம்."

"பரவாயில்லை, நானே மனசார வர்றேன்."

"வந்து எங்க படுப்பீங்க? விடுதியில ஒரு ரூம்தான். ரெண்டு கட்டில். எனக்கும் மேபலுக்கும்."

"மேபலுக்கா? எப்ப சொன்னே?"

"மார்ச்சுலயே எழுதிப் போட்டாச்சு. பஸ்லயும் ரெண்டு சீட்டுதான்." ஐவி அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கித் தன் கைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். "உங்களை எப்படி வீட்ல நிறுத்துறதுன்னுதான் நாங்க ரெண்டு பேரும் நாலு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தோம். நீங்களா கேட்டதும் எனக்கு உயிரே வந்துச்சு."

பெர்சி நடந்ததையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். பாத்திரம் கழுவிக்கொண்டே புலம்பியது, இரண்டு தரம் துடைத்த தட்டு, சீக்கிரம் வந்த சரி. எல்லாம் நூல் பிடித்ததுபோல நின்றது. ஆனாலும் என்ன, கால்வாய் கைக்கு வந்துவிட்டதே. ஏழு நாள். ஒரு குரல் கிடையாது. கிடைத்த நிம்மதியில் அவர் தொப்பியைக்கூடக் கழற்றிக் காற்று வாங்கிக்கொண்டு நடந்தார். வாசல் கதவுக்குப் பக்கத்தில் வந்தபிறகுதான், கணக்கில் ஒரு ஆள் விடுபட்டிருப்பது நினைவுக்கு வந்தது.

"ஆமா, மேபல் உன்கூட வந்துட்டா, கிளாரன்ஸ் தனியா என்ன பண்ணுவார்?"

"அவர் ஏன் தனியா இருக்கணும்?" என்றாள் ஐவி, சாவியைத் திருப்பிக்கொண்டே. "சனிக்கிழமை பத்து மணிக்கு இங்க வந்துடுவார். கால்வாய்க் கரையில உங்க பக்கத்துலயே உக்கார மடக்கு நாற்காலிகூட வாங்கிட்டாராம்."